நாலு குதிரையும் வெளியே வந்த பிறகு

அத்தியாயம் 9

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

"அவ விட்டுக்கொடுத்த வேலைடி அது. ரொம்ப ஆடாதே."

சாப்பிடும்போது தங்கை அக்காவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். நாள் முழுக்க ரத்தச் சோதனைக் குழாய்களோடு இருந்து இருந்து அக்காவுக்கு மனுஷங்களோடு பேசவே வரவில்லை என்றாள். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

அதன் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

விஷயம் பழையது. செஸ் சங்கத்தில் பயிற்சியாளர் இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. தேர்வில் அக்காவும் தங்கையும் ஒரே புள்ளி. யார் என்று முடிவு செய்ய ஒரு பிளிட்ஸ் ஆட்டம் வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் தீர்ந்தவர் தோற்றவர். அந்த நாட்களில் அக்காவைத் தங்கை ஜெயிப்பது அபூர்வம். அன்றைக்கும் பலகையில் அக்காவின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் அவளுடைய நேரம் முதலில் தீர்ந்துபோனது. வேலை தங்கைக்குப் போனது. அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு போட்டிப் பக்கமே வரவில்லை.

"நான் விட்டுக்கொடுக்கலம்மா. நிஜமாவே தோத்துட்டேன்," என்று அக்கா ஞாயிற்றுக்கிழமையே சொல்லிப் பார்த்தாள்.

"பார்த்தியா, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்கறா. அதான் அவ குணம்," என்றாள் அம்மா.

மறுக்க மறுக்க அக்கா இன்னும் நல்லவளாகிக்கொண்டே போனாள்.

தங்கை அன்றிரவே தான் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வாரம் முழுவதும் போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். சனிக்கிழமை பிளிட்ஸ் போட்டி முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டு வேலையை விடப்போகிறாள். தானமாக வந்த நாற்காலியில் இனிமேல் உட்கார முடியாது.

அக்கா அதைப் பலமுறை படித்தாள். பிறகு போட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்தாள்.

* * *

சனிக்கிழமை காலை அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் அரை நாள் வேலை. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்தாள். குழாய்களை வரிசையாக எடுத்து வைத்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் அத்தான் வேனில் இருந்தார். அத்தான் என்று கூப்பிடுவது தங்கைதான். அக்காவுக்கு அவர் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். செஸ்ஸில் அவருக்குத் தெரிந்தது, குதிரை என்று ஒன்று உண்டு என்பது மட்டும்.

"நேரா அவ ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டினா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் போட்டியெல்லாம்?" என்றார்.

"தட்டினேன். திறக்கல."

"சரி, இங்க மட்டும் பேசிடுவாளா?"

"பேசறதுக்கு இல்லங்க. ஆடறதுக்கு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. ஆடினா நம்புவா."

"அப்போ ஜெயிச்சுக் காட்டப் போறே."

அக்கா வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "ஜெயிக்கறனோ தோக்கறனோ, நிஜமா ஆடணும். நான் நிஜமா ஆடறேனா இல்லையான்னு அவளுக்குத் தெரியும். சின்ன வயசிலேர்ந்து எதிர்ல உட்கார்ந்தவ."

"அவளோட ஆடறதுக்குத்தானே போறோம். நேரா உட்கார வேண்டியதுதானே?"

"அப்படி உட்கார முடியாது. ஜெயிச்சவங்களை ஜெயிச்சவங்களோட சேர்த்து விடுவாங்க. அவ ஜெயிச்சுக்கிட்டே போவா. நானும் ஜெயிச்சுக்கிட்டே போனாத்தான் எதிர்ல உட்காரலாம்."

"ஒரு தங்கச்சியைப் பார்க்க இத்தனை மாடி ஏறணுமா? லிஃப்ட் கிடையாதா?"

வாரத்தில் முதல் முறையாக அக்கா சிரித்தாள்.

* * *

போட்டி நூலகத்தின் மேல்தளத்தில். நீளமான மேஜைகள், ஒவ்வொன்றிலும் பலகையும் எண் காட்டும் கடிகாரமும். சுவரில் யார் யாரோடு என்ற அட்டவணை.

தங்கை அதில் அக்காவின் பெயரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க அக்காவா? எத்தனை வருஷமாச்சு பார்த்து! நல்லது, நல்லது," என்றார் செயலாளர். சங்கத்தின் நாற்காலிகளைக்கூடத் தானே எண்ணி அடுக்குகிற மனிதர்.

"சார், போட்டி முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"இப்பவே சொல்லலாமே?"

"முடியட்டும் சார்."

முதல் ஆட்டத்திலேயே அக்கா தோற்றிருக்க வேண்டியது. ஒரு யானையைச் சும்மா கொடுத்துவிட்டாள். எதிரே இருந்த வங்கிக்காரர் அவசரத்தில் அதைவிடப் பெரிய தப்பாகச் செய்ததால் பிழைத்தாள். இரண்டாவதில் விரல்களுக்குப் பழைய ஞாபகம் வந்தது. மூன்றாவதில் அவளைப் பார்க்க இரண்டு பேர் நின்றார்கள்.

அத்தான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

"அந்தப் பச்சைப் புடவை ஜெயிக்குதா?"

"ஜெயிக்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கடைசிச் சுற்றுக்கு அட்டவணை ஒட்டினார்கள். முதல் மேஜை. வெள்ளைக் காய்கள் அக்காவுக்கு, கறுப்பு தங்கைக்கு.

* * *

எதிர் எதிரே உட்கார்ந்தார்கள். கை குலுக்கினார்கள். தங்கையின் கை சூடாக இருந்தது, அக்காவின் கை ஜில்லென்று இருந்தது.

"எதுக்கு வந்தே?" என்றாள் தங்கை, உதடு அசையாமல்.

"ஆட."

"இன்னைக்கும் ஏதாவது தியாகம் பண்ணினே, ஜென்மத்துக்கும் உன்னோட பேச மாட்டேன்."

நடுவர் கையைக் காட்டினார். கறுப்பு ஆடுபவர்தான் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். தங்கை தன் பக்கப் பொத்தானைத் தட்டினாள். அக்காவின் ஐந்து நிமிடம் ஓட ஆரம்பித்தது. இனி அவள் காயை நகர்த்தித் தன் பக்கப் பொத்தானைத் தட்டினால்தான் அது நின்று தங்கையின் நேரம் ஓடும்.

அக்கா ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். தங்கையும் அதையே செய்தாள். ஒரு குதிரை வெளியே வந்தது. எதிரில் ஒரு குதிரை. இன்னொன்று. இன்னொன்று. யாரும் யோசிக்கவில்லை. கைகள் தாமாகப் போயின. இந்தத் தொடக்கத்தை அவர்கள் எத்தனை நூறு முறை ஆடியிருப்பார்களோ. கடைசியில் அக்கா பிஷப்பை நீளமாக நகர்த்திவைத்தாள். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். மாணவர்களிடம் தினமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே வந்துவிட்ட பழக்கம்.

அவளுடைய ஐந்து நிமிடம் அப்படியே இருந்தது. அக்காவின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா பொத்தானைத் தட்டவில்லை. முதல் நகர்விலிருந்து ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

ஆரம்பிச்சுட்டா, என்று நினைத்தாள் தங்கை. அன்றைக்கும் இதே மாதிரிதான். கன்னத்தில் கை. அவசரமே இல்லாத முகம். நேரத்தை ஒழுக விட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பது.

அவளுக்குக் கண் எரிந்தது. இந்தப் பிச்சை வேண்டாம். அக்கா பொத்தானைத் தட்டும்வரை ஒரு காயைக்கூடத் தொடப்போவதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

எண்கள் குறைந்தன. நடுவர் வந்து பார்த்தார். சொல்வது அவர் வேலை இல்லை, நகர்ந்து போனார். சுற்றிலும் மற்ற மேஜைகளில் பட் பட்டென்று பொத்தான்கள் சத்தம். இந்த மேஜை மட்டும் ஊமையாக இருந்தது.

ஒரு நிமிடத்துக்கும் மேலாகிவிட்டது. அக்கா புருவத்தைச் சுருக்கினாள். நெளிந்தாள். பிறகு பலகையின் மேல் குனிந்து, எரிச்சலோடு கிசுகிசுத்தாள்.

"தட்டேன்டி."

"என்னது?"

"கடிகாரத்தைத் தட்டு. எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பே?"

அந்த எரிச்சல் குரல் தங்கையைச் சின்ன வயதுக்கே கொண்டுபோனது.

அப்பா இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பகலில் பக்கத்து அறையில் தூங்குவார். வீட்டில் இருந்த சாவி கொடுக்கும் செஸ் கடிகாரத்தின் பொத்தான் ஒவ்வொரு தட்டுக்கும் டொக் டொக்கென்று கத்தும். அதனால் இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஆரம்பம் எப்போதும் ஒன்றுதானே? நாலு குதிரையும் வெளியே வந்து, வெள்ளையின் பிஷப்பும் கிளம்பும்வரை கடிகாரம் வேண்டாம். அதன் பிறகு தொடங்கலாம். தொடங்கிவைப்பது சின்னவளின் உரிமை. அக்கா வெள்ளை ஆடினாலும் சின்னவள்தான் எட்டி அக்கா பக்கத்துப் பொத்தானைத் தட்டுவாள். வேறு யாராவது தொட்டால் அழுது ஊரைக் கூட்டுவாள்.

அக்கா வேறு யாரோடு ஆடினாலும் முதல் நகர்விலேயே பொத்தானைத் தட்டுவாள். இன்றைக்கு முந்தைய சுற்றுகளில் தட்டியும் இருந்தாள். இந்தத் தொடக்கத்தில், இந்த முகத்துக்கு எதிரில் மட்டும் அவள் கை காத்திருந்தது.

தங்கை கண்ணால் கடிகாரத்தைக் காட்டினாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. அப்புறம் காது இரண்டும் சிவந்தன. "ஐயையோ," என்று ஓங்கி அறைந்தாள் பொத்தானை. மேஜை ஆடியது.

"பேச்சு வேண்டாம்," என்றார் நடுவர்.

அந்த முகத்தை யாராலும் நடிக்க முடியாது. அக்காவால் சத்தியமாக முடியாது. பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் வரும்.

அப்போ அன்றைக்கு?

அன்றைக்கும் இதே தொடக்கம். தங்கை அந்தப் பிஷப்பைப் பார்த்துப் பயந்து, தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தாள். நிமிர்ந்தபோது தன் நேரம் குறையவே இல்லை. வேகமாகத்தான் யோசித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரமெல்லாம் அக்காவின் கணக்கில் ஓடியிருக்கிறது. அக்காவுக்கே தெரியாமல்!

அக்கா தோற்றிருக்கிறாள். சுத்தமாகத் தோற்றிருக்கிறாள்.

நெஞ்சில் ஒரு வாரமாக இறுகியிருந்தது பட்டென்று அவிழ்ந்தது. சிரிப்பு வந்தது. உடனே, ஓடிக்கொண்டிருப்பது இப்போது தன் நேரம் என்பதும் உறைத்தது. காயை நகர்த்தித் தட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்பதா, அடிதடி என்பதா?

அக்காவுக்கு நேரம் குறைவு. அதனால் அவள் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு சிப்பாய்களைக் கொடுத்து ராஜாவின் வாசலை உடைத்தாள். ஒரு குதிரையைத் தூக்கி நெருப்பில் போட்டாள். தங்கை அந்தக் குதிரையை வெட்டினாள், வெட்டியது தப்பு என்று தெரிந்தது, ராஜாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். சுற்றிலும் ஆட்டம் முடித்தவர்கள் வந்து கூடினார்கள். இரண்டு கைகளும் பலகைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே பறந்தன. ஒரு சிப்பாய் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அக்காவிடம் சில விநாடிகள்தான் இருந்தன. தங்கையின் ராஜாவுக்குப் போக இடம் இல்லை. ராணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால் தீர்ந்தது.

அக்கா ராணியைத் தூக்கினாள்.

கடிகாரத்தில் பூஜ்ஜியம் மின்னியது. ராணி கட்டத்தில் இறங்கியது.

"மேட்!" என்றாள் அக்கா.

"நேரம்," என்றார் நடுவர்.

"மேட் வச்சாச்சு சார்! மேட் வச்சா ஆட்டம் அதோட முடிஞ்சுது. அப்புறம் நேரத்தைப் பத்தி என்ன பேச்சு?"

"வச்சது நேரம் தீர்ந்த பிறகு, மேடம்."

"முன்னாடி! நான் வச்சுட்டேன்!"

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கதவுக் கண்ணாடியில் அத்தானின் வாய் திறந்தபடி இருந்தது.

"மேடம், சத்தம் போடாதீங்க."

"ஏன் போடக் கூடாது? உங்க கண்ணு எங்க இருந்துச்சு? பக்கத்து மேஜையிலதானே இருந்துச்சு!"

நடுவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தங்கையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. பூஜ்ஜியம் வந்தப்போ ராணி கட்டத்துல இருந்துச்சா, அவங்க கையில இருந்துச்சா?"

கூடத்தில் எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

கட்டத்தில் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அக்கா எத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறாள். என்னமாக ஆடினாள். அந்த ஒரு நிமிடம் வீணாகாமல் இருந்திருந்தால் அவள்தான் ஜெயித்திருப்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள், அக்கா சிரிப்பாள், கணக்கு நேராகிவிடும்.

அப்படிச் சொன்னால் இன்னும் பத்து வருடம் கழித்து யாராவது சாப்பாட்டு மேஜையில் அக்காவிடம் சொல்வார்கள், தங்கச்சி விட்டுக்கொடுத்த ஆட்டம் அது என்று.

"கையில," என்றாள் தங்கை.

"பார்த்துச் சொல்லுடி!"

"பார்த்துத்தான் சொல்றேன். கையில இருந்துச்சு. நீ விரலையே விடல."

அக்கா அவளை முறைத்தாள். மூச்சு வாங்கியது. குனிந்து நாற்காலியை நிமிர்த்தினாள், உட்கார்ந்தாள், தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் நடுவரிடம். "கையிலதான் இருந்துச்சு. சாரி சார்." பிறகு தங்கையிடம், "சனியனே. அந்தக் குதிரையை நீ எடுக்காம இருந்திருந்தா எனக்கு இவ்வளவு சுத்து வந்திருக்காது."

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மேஜையின் குறுக்கே கையை நீட்டி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இப்போது அவை சூடாக இருந்தன.

"அக்கா, நீ அன்னைக்கும் நான் தட்டுவேன்னுதான் உட்கார்ந்திருந்தே."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடிகாரம்தான் கோளாறுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்டி!"

செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார். "ஏதோ பேசணும்னு சொன்னீங்களே?"

"ஆமா சார்," தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரியவங்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கலாமா? முதல் பாடம், பொத்தானைத் தட்டறது எப்படின்னு."

அக்கா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

* * *

வேனில் மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்னால் கம்பிகளும் கருவிகளும் குலுங்கின.

"என்னை நல்லா ஏமாத்திட்டாங்க," என்றார் அத்தான். "கல்யாணம் பேசறப்போ உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? பெரியவ யாருக்கும் விட்டுக்கொடுத்துப் போற குணம், குரலே வெளியில வராதுன்னாங்க. அந்த நடுவர் பாவம், இன்னைக்குத் தூங்க மாட்டார்."

"இனிமே திருப்பியெல்லாம் எடுத்துக்க மாட்டோம் அத்தான்," என்றாள் தங்கை.

"வேண்டாம், வேண்டாம். இது இருக்கட்டும். இதுதான் நல்லா இருக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது மறுபடி சிவந்திருந்தது.

தங்கை அம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பின்னால் தையல் இயந்திரத்தின் ஓசை. சனிக்கிழமையும் அம்மா கடையை மூடுவதில்லை.

"யாரு ஜெயிச்சா?"

"நான்தாம்மா."

இயந்திரம் நின்றது. "மறுபடியும் அவ..."

"இல்லம்மா. மேட் வச்சுட்டேன், மேட் வச்சுட்டேன்னு நடுவரோட சண்டைக்குப் போயிட்டா. நாற்காலியைக் கவிழ்த்துட்டா."

"யாரு?"

"உன் பெரிய பொண்ணுதான்."

"சும்மா சொல்லாதே."

"நான் கண்ணால பார்த்தேன் அத்தை," என்றார் அத்தான். "பயந்தே போயிட்டேன்."

தங்கை கடிகாரக் கதையைச் சொன்னாள். அப்பாவின் பகல் தூக்கம், நாலு குதிரை, எட்டித் தட்டுகிற உரிமை. அன்றைக்கு நடந்தது, இன்றைக்கு நடந்தது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே அதிசயம்.

"அப்போ அவ விட்டுக்கொடுக்கல," என்றாள் கடைசியில்.

"இல்லம்மா," என்றாள் அக்கா. "அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்படின்னா அந்த மனுஷன் ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னார்?"

தங்கை போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

"எந்த மனுஷன்மா?"

"நான் அன்னைக்கு அங்க இல்லவே இல்லையே. கடைக்கு வந்து சொன்னார். 'உங்க மூத்த பொண்ணு என் கண்ணு முன்னாலயே வேணும்னே தோத்தா, அவளை எதுவும் கேட்டுடாதீங்க'ன்னார். அதனாலதானே இத்தனை நாள் நான் வாயைத் திறக்கல."

"யாரும்மா அது?"

"போன்ல வேண்டாம். ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

தங்கை அக்காவைப் பார்த்தாள். யாராக இருந்தால்தான் என்ன? வேலை அவளுடையது. அக்காவும் அவளுடையவள். இன்றைக்கு அந்த மனிதர் எதிரே வந்தால்கூடத் தங்கை சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லிவிடுவாள்.

அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"வேகமா ஓட்டுங்க," என்றாள் கணவரிடம். மேட் என்று சொன்ன அதே குரலில்.